இலக்கம் போட்ட மரம்

"டீச்சர், இந்தப் பிள்ளைகளுக்கு நிலத்திலேயே சொந்தமா ஒரு வீடு இல்ல. நீங்க மரத்துல வீடு கட்டச் சொல்லிக் குடுக்குறீங்களா?"

ஆசிரியர் அறையில் ஒரு மத்தியானம், எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் டீச்சர் இப்படிக் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், நானும் அப்படித்தான். 10க்கு 12 அடிக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் படிப்பும் ஒன்றாகக் கிடந்த வாழ்க்கை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். அவர் கேட்டபோது அப்படிச் செய்ய முடியவில்லை. "கற்பனைதானே டீச்சர், நல்லதுதானே" என்று மட்டும் சொன்னேன். இலங்கை மலையகத்தில் உள்ள மஸ்கெலியாவிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் அந்தப் பதில் எனக்கே போதாமல் இருந்தது. இரண்டு தவணை கடந்தும் போதாமலேயே இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சித்திரப் பாட ஆசிரியை. தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுக்க மரவீடு பற்றிப் படிப்பித்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நூலகத்துக்கு வந்த பழைய புத்தகப் பெட்டியில் ஓர் ஆங்கிலச் சிறுவர் புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க மரவீட்டுப் படம்: ஏணி, சின்ன ஜன்னல், அதில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கத்தை மட்டும் பிள்ளைகள் விரித்து விரித்துப் பார்த்து, ஓரம் கிழிந்துபோய்விட்டது. பிள்ளைகள் கிழியும்வரை பார்க்கும் ஒரு பக்கத்தில் படிப்பிக்க ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் வகுப்பில், "உங்களுக்கு ஒரு மரவீடு கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். ஊஞ்சல், விளையாட்டு, மழை பார்ப்பது என்று பதில் வரும் என்பது என் எதிர்பார்ப்பு. பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, "குளவிக் கூடு இருக்கான்னு பாப்பேன் டீச்சர்" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கொழுந்து பறிக்கும் அம்மா உள்ள பிள்ளைக்கு மரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குளவிதான். அந்த வகுப்பில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் ஒன்றிரண்டுதான் இருக்கும். அடுத்த பிள்ளை, "மேல இருந்தா அட்டை கடிக்காது" என்றான். இன்னொருத்தி, "புலி வராது" என்றாள். எங்கள் பக்கத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். படம் போட்ட புத்தகத்தில் இல்லாத ஒரு மரவீடு அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்புக்குள் வந்துவிட்டது. அது விளையாடுவதற்கான வீடு இல்லை, தப்பித்துக்கொள்வதற்கான வீடு.

புலி அஞ்சும் இதணம்

புலி என்று அவள் சொன்னதும் எனக்குக் குறிஞ்சிப்பாட்டு ஞாபகம் வந்தது. தினைப்புனம் காக்கப் போன தலைவி எங்கே இருந்து கிளி விரட்டினாள்? கபிலர் தெளிவாகச் சொல்கிறார்: மரத்தின் மேல் கட்டிய இதணத்தில். சும்மா இதணம் இல்லை, 'புலியஞ்சு இதணம்'. புலியும் அஞ்சும் அளவுக்கு உயரத்தில், மரத்தின் மேல் காவல்காரன் இழைத்த பரண். மரவீட்டின் வரலாற்றைத் தேடி எங்கெங்கோ போக நினைத்தவளுக்கு, 2,000 வருடப் பழமையான மரவீடு நம் பாட்டிலேயே கிடைத்தது. அதில் இருந்தவள் ஓர் இளம்பெண் என்பது எனக்கு இன்னும் பிடித்தது. அவள் கையில் தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகள் இருந்தன. மூங்கிலைப் பிளந்து, தட்டினால் ஓசை வரும்படி செய்வது தட்டை. நாங்கள் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தோம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

கதிர்காமத்துக்குப் போய்வந்த ஒரு பிள்ளை அப்போதுதான் கையை உயர்த்தினாள். புத்தளையைத் தாண்டிப் போகும்போது மரத்தில் குடிசை மாதிரி ஒன்று கட்டியிருந்ததை பஸ்ஸில் இருந்து பார்த்தாளாம். அப்பா அதை யானைக் காவல் பரண் என்று சொன்னாராம். காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர்கள் இரவில் மரத்தின் மேல் கண்விழித்து இருப்பார்கள். வள்ளி பரணில் நின்று கிளி ஓட்டியதாகச் சொல்லும் கதிர்காமத்துப் பாதையிலேயே அந்தப் பரண் இன்றைக்கும் இருக்கிறது. வரலாறு என்று நான் கரும்பலகையில் எழுதிய சொல்லுக்கு அந்தப் பிள்ளை பஸ் ஜன்னலில் இருந்தே அர்த்தம் கொண்டுவந்தாள்.

மற்ற வரலாறுகளையும் சொன்னேன். ரோமப் பேரரசன் கலிகுலா ஒரு பெரிய மரத்தில் பலகை அடித்து, 15 பேர் உட்கார்ந்து விருந்து சாப்பிடும் இடம் ஒன்று வைத்திருந்தான். அதை அவன் 'கூடு' என்று அழைத்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். "பதினஞ்சு பேருக்கு சாப்பாடு யாரு டீச்சர் மேல தூக்கிட்டுப் போனா?" என்று ஒரு பையன் கேட்டான். பரிமாறும் வேலைக்காரர்களுக்கும் அந்த மரத்தில் இடம் இருந்தது என்று பிளினி எழுதியிருப்பதைச் சொன்னேன். அவன் விடவில்லை. "அப்ப ஏணியில ஏறி இறங்கினது அவங்கதான்." கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் வீட்டில் பிறந்த பிள்ளை கேட்கும் கேள்வி அது. 1952 பெப்ரவரியில் கென்யாவில் மரத்தில் கட்டிய ஒரு விடுதியில் இளவரசி எலிசபெத் தங்கியிருந்த இரவில் அவருடைய தந்தை இறந்துபோனார் என்பதையும், இளவரசியாக ஏறியவர் அரசியாக இறங்கினார் என்பதையும் சொன்னேன். அது பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

பப்புவாவின் கொரோவாய் மக்களைப் பற்றிச் சொன்ன நாள்தான் வகுப்பு சூடானது. காட்டுக்குள் மரத்தின் மேல் வீடு கட்டி வாழ்கிறவர்கள் அவர்கள். தரையிலிருந்து பார்த்தால் தலைசுற்றும் உயரத்தில் உள்ள வீடு ஒன்றை 2011இல் பிபிசி ஒரு தொடரில் காட்டியது. உலகமே வியந்து பார்த்தது. 2018இல் பிபிசியே அதைத் திருத்திக்கொண்டது. அந்த உயரமான வீடு படப்பிடிப்புக்காகக் கட்டச் சொல்லிக் கட்டியது, அவர்கள் வழக்கமாகக் குடியிருக்கும் வீடு அதைவிடத் தாழ்வானது. இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "எங்க லயத்தையும் படம் எடுக்க வந்தாங்க டீச்சர், கிழிஞ்ச சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கச் சொன்னாங்க" என்றாள் ஒருத்தி. எங்கோ ஒரு காட்டில் வாழும் மனிதர்களோடு இவர்களுக்கு அந்த நிமிடத்தில் ஓர் உறவு வந்துவிட்டது. அடுத்தவர் பார்த்து வியக்கவோ இரக்கப்படவோ நம் வீட்டைக் காட்டச் சொல்வது என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மரம் எதைத் தாங்கும்

அடுத்த இரண்டு கிழமை வடிவமைப்பு. விளையாட்டுத் திடலில் சாம்பலால் 10க்கு 12 அடி கோடு போட்டோம். எல்லோருக்கும் தெரிந்த அளவு அது. பிறகு, இது முழுவதும் மரத்தில் நிற்குமா என்று கேட்டேன். வீட்டில் உள்ளவர்களின் நிறையைக் கூட்டினார்கள். தகரக் கூரை, பலகை, அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் கூட்டினார்கள். கணக்குப் பாட நேரத்தில் பேசாத பிள்ளைகள்கூட, பாட்டியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வாதாடினார்கள். கடைசியில் 6க்கு 6 அடிக்கு எல்லோரும் இறங்கி வந்தார்கள், பாட்டியை விடாமல்.

மரத்தைக் கொல்லாமல் வீட்டை எப்படி மரத்தோடு சேர்ப்பது என்பதில்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கயிறு. தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மரத்துக்கு ஆணி வலி இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் ஆபத்து. இலையில் உண்டாகும் உணவு பட்டையின் உட்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்க அந்தக் கயிறு சுற்றிவரப் பட்டையை நெரித்துவிடும். இதை நான் படம் போட்டு விளக்கத் தொடங்கியபோது ஒரு பிள்ளை, "பட்டையை வளையமா உரிச்சா மரம் நின்னுக்கிட்டே காய்ஞ்சிரும், எங்க தாத்தா செஞ்சிருக்கார்" என்றான். தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களை வெட்டுவதற்கு முன் அப்படிக் காயவிடும் வழக்கம் உண்டு. எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு அவனுக்குத் தாத்தாவின் கத்தியில் இருந்து கிடைத்திருக்கிறது. சுற்றிக் கட்டுவதைவிட, தடித்த ஒரே ஒரு இரும்பு ஆணியை ஆழமாக இறக்குவது மரத்துக்கு நல்லது. மரம் காயத்தை நம்மைப் போல் ஆற்றிக்கொள்வதில்லை. காயம் பட்ட இடத்தை உள்ளுக்குள் அடைத்து மூடிவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எந்த மரம் என்பதிலும் பெரிய பேச்சு நடந்தது. எங்களைச் சுற்றி இருப்பதெல்லாம் நாங்கள் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா மரம். தேயிலைக்கு நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவந்து நட்ட மரம். நேராக வளரும், ஆனால் கிளை உறுதி போதாது, பலத்த காற்றில் முறியும். சரிவில் நிற்கும் மரம் சாய்ந்திருந்தால் அதில் ஏறவே கூடாது என்று பிள்ளைகளே விதி எழுதினார்கள். மரம் சாய்வதும் நிலம் வெடிப்பதும் மண் நகர்வதற்கு அடையாளம் என்று 2014 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் இங்கே தெரியும்.

114

அதன் பிறகு படம் வரையச் சொன்னேன். 31 படங்கள். மாலையில் வீட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். திரைச்சீலை போட்ட ஜன்னல்கள் நிறைய. சாமி அறை வைத்த மரவீடு மூன்று. இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஒரு படத்தில் மட்டும் மரத்தின் உச்சியில், வீட்டுக்குப் பக்கத்தில், தண்டின் மேல் வெள்ளை நிறத்தில் 114 என்று எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் வெட்டப்போகும் மரங்களுக்கு இலக்கம் போடுவார்கள். ஆள் நெஞ்சு உயரத்தில் பெயிண்ட்டில் எழுதியிருக்கும். பிறகு ஒரு நாள் வாள் வரும்.

அடுத்த நாள் அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் அதிகம் பேசாத பிள்ளை. "இது எங்க லயத்துக்குப் பின்னால நிக்கிற மரம் டீச்சர். நான் ரெண்டாம் ஆண்டு படிக்கையில நம்பர் போட்டாங்க. இன்னும் வெட்டல." சரி, ஆனால் இலக்கம் ஏன் உச்சியில் இருக்கிறது? அவன் பென்சிலை எடுத்துத் தண்டின் மேல் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தான். "மரம் வளருதுல்ல டீச்சர். வளர வளர நம்பரும் மேல போயிரும். ரொம்ப மேல போனா யாருக்கும் தெரியாது. வெட்ட வர்றவங்க பாத்துட்டு, நம்பர் இல்லாத மரம்னு விட்டுட்டுப் போயிருவாங்க. அதுவரைக்கும் வீட்டக் கட்டாம இருக்கணும்."

ஐந்து வருடமாக அந்தப் பிள்ளை ஒரு மரம் வளரக் காத்திருக்கிறான்.

என்னால் உடனே ஒன்றும் சொல்ல முடியவில்லை. காரணம், அது நடக்காது. மரம் உயரத்தில் வளர்வது நுனியில் மட்டும்தான். கீழ்த்தண்டு பருக்குமே தவிர மேலே போகாது. நெஞ்சு உயரத்தில் எழுதிய இலக்கம் 50 வருடம் போனாலும் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கும். இதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டுமா? இது சித்திரப் பாடம். கற்பனை என்றுதானே அந்த டீச்சருக்கு நானே பதில் சொன்னேன்? அழகான கற்பனை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அன்று இரவு நெடுநேரம் யோசித்தேன். ஆனால் அவன் கற்பனை செய்யவில்லை. திட்டம் போட்டிருந்தான். திட்டம் போடுகிறவனுக்குத் தவறான தகவலைக் கொடுத்து அழகு பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாடசாலை வாசலில் ஒரு பழைய சவுக்கு மரம் இருக்கிறது. நான் இதே பாடசாலையில் படித்தபோது அந்த மரத்தில் அடித்த ஓர் ஆணியில்தான் மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு தொங்கும். இன்றைக்குத் துண்டு இல்லை, ஆணி இருக்கிறது. வகுப்பறை ஜன்னலில் இருந்து பார்த்தால், அன்றைக்கு ஜன்னல் விளிம்புக்கு நேராக இருந்தது. இன்றைக்கும் விளிம்புக்கு நேராகவே இருக்கிறது. மரம் மட்டும் நான் படித்த காலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். முழு வகுப்பையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் இதைச் சொன்னேன். அவனைத் தனியாக நிறுத்தவில்லை. ஆனால் யாருக்காகச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது.

அவன் மரத்துக்குப் பக்கத்தில் போய் ஆணியில் விரலை வைத்துப் பார்த்தான். ஆணியின் தலை பாதிக்கு மேல் பட்டைக்குள் போயிருந்தது. சுற்றிவர உதடு மாதிரி பட்டை மூடியிருந்தது.

"மரம் ஆணிய முழுங்குதா டீச்சர்?"

"ஆமா. மேல போகாது, பருக்கும். பருக்கும்போது முழுங்கும்."

கொஞ்ச நேரம் நின்றான். "அப்ப பெயிண்ட்டு?"

பெயிண்ட் வெளிப்பட்டையின் மேல் இருக்கிறது, தண்டு பருக்கும்போது பட்டை வெடித்துப் பிரியும், எழுத்தும் அதோடு பிரியும் என்றேன். எவ்வளவு காலம் என்று கேட்டான். வருடக்கணக்கில் என்றேன். அதற்குள் வெட்டிவிடலாம் என்பதை நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன் என் மேசைக்கு வந்தான். "டீச்சர், பாத்தேன். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல எடம் வந்திருக்கு. நாலு ரெண்டா பிரிஞ்சிருக்கு." லயத்துக்குப் பின்னால் போய் விடியற்காலையில் பார்த்திருக்கிறான். அவன் சட்டைக் கை பனியில் நனைந்திருந்தது.

தவணையின் கடைசி வேலை, சிறிய மாதிரி வீடு செய்வது. தேயிலை கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி எல்லோர் வீட்டு அடுப்பங்கரையிலும் கிடக்கும். அதை மரமாக வைத்து, கார்ட்போர்ட் மட்டையில் வீடு செய்தார்கள். வெட்டிய தேயிலைச் செடியின் கிளை உண்மையிலேயே ஒரு பெரிய மரத்தின் சின்ன உருவம் மாதிரி இருக்கும், முடிச்சும் வளைவுமாக. அவனுடைய மாதிரியில் தண்டில் இலக்கம் இல்லை. கதவில் இருந்தது. கதவின் மேல் சின்னதாக 114 என்று எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தான்.

"இப்ப இது வீட்டு நம்பர் டீச்சர்."

எங்கள் தோட்டங்களில் தனித்தனி வீட்டுக்கு முகவரி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து கைமாறி வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி தாண்டிக் கிடைத்த கதை ஒவ்வொரு லயத்திலும் ஒன்று உண்டு. என் வீட்டிலும் உண்டு. அவன் இதையெல்லாம் யோசித்து எழுதினானா என்று நான் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கதவுகளிலும் இலக்கம் எழுதத் தொடங்கினார்கள். பிறந்த திகதி, கிரிக்கெட் சட்டை இலக்கம், பாட்டியின் வயது.

மாதிரிகளைக் கொஞ்ச நாள் ஆசிரியர் அறை அலுமாரியின் மேல் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் தமிழ் டீச்சர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மத்தியானம் கேட்டதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "இத நாளைக்கு என் பாடத்துக்குத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். கடிதம் எழுதும் பாடம். வழக்கமாக எல்லாப் பிள்ளைகளும் வலது மூலையில் ஒரே தோட்டத்தின் பெயரைத்தான் எழுதுவார்கள். இந்த முறை அவரவர் மரவீட்டு முகவரியில் இருந்து கடிதம் எழுத வேண்டும்.

அந்தப் பாடத்தின்போது நான் வெளியே வராந்தாவில் நின்றேன். பெயர் எழுதியாயிற்று, இலக்கமும் எழுதியாயிற்று. அடுத்த வரியில் வீதியின் பெயர் வேண்டும். லயத்துக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்கு நடுவே போகும் அந்த ஒற்றையடிப் பாதைக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததில்லை. வள்ளி வீதி என்றாள் ஒருத்தி. அட்டை வீதிதான் சரி, அங்கேதான் அட்டை அதிகம் என்றான் இன்னொருவன். குளவி வீதி என்று வைத்தால் தபால்காரர் வரமாட்டார் என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். 114ஆம் இலக்கத்துக்காரன் எழுந்து நின்று, பாதை தன் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது, அதனால் பெயர் தான்தான் வைப்பேன் என்றான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். மணி அடித்த பிறகும் வீதிக்குப் பெயர் முடிவாகவில்லை.